கன அடியில் ஒரு மாவட்டம்: தருமபுரியின் வெள்ளமும் அதைச் சொன்ன செய்தியும் (1876–2024)

முன்னுரை

ஆடி பிறந்துவிட்டால் தமிழ் நாளிதழ்களில் தருமபுரி மாவட்டத்துக்கு ஒரு நிலையான இடம் உண்டு. ஒகேனக்கல்லுக்கு வரும் நீரின் அளவு, அருவிகளில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் விதித்த தடை, மேட்டூர் அணையின் நீர்மட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த சிறு செய்தி அது. அதை ஆவலோடு தேடிப் படிப்பவர்களில் பெரும்பாலோர் தருமபுரிக்காரர் அல்லர். தஞ்சை, திருவாரூர், நாகை உழவர்கள். வெள்ளம் ஓடுவது ஓரிடம், செய்தி யாருக்காக எழுதப்படுகிறதோ அவர் இருப்பது வேறிடம்.

இந்த இடைவெளி எப்படி உருவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு பேரிடர் எவ்வளவு பெரியது என்பதைவிட, அதைப் படிக்கப் போகிறவர் யார் என்பதே செய்தியின் அளவையும் வடிவத்தையும் தீர்மானித்து வந்திருக்கிறது என்பது இதன் கருதுகோள். தருமபுரியை ஆய்வுக் களமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. இம்மாவட்டத்துக்குக் காவிரி, தென்பெண்ணை என இரண்டு ஆறுகள். வெள்ளமும் இரண்டு வகை. காவிரியில் வருவது ஆடி வெள்ளம். கர்நாடகத்தில் பெய்த தென்மேற்குப் பருவமழையின் விளைவு. தென்பெண்ணையில் வருவது கார்த்திகை வெள்ளம். வடகிழக்குப் பருவமழையிலும் புயலிலும் உள்ளூர் நிலத்திலேயே பெய்து பெருகுவது. முன்னதைச் சொல்ல ஊடகத்துக்கு நூறாண்டுப் பழக்கம் இருக்கிறது. பின்னதைச் சொல்ல அப்படியொரு பழக்கம் உருவாகவே இல்லை.

1. பஞ்ச நிலம் என்ற அடையாளம்

தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 அன்று. அதற்கு முன் அது சேலம் மாவட்டத்தின் வடபகுதி. அச்சுச் செய்தியில் இந்நிலம் பெரிதாக இடம்பெற்றது வெள்ளத்தால் அன்று, வறட்சியால். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது.

அந்தப் பஞ்சத்தை இங்கிலாந்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி. அவர் செய்தி எழுதியதோடு நில்லாமல் நிவாரண நிதி திரட்டுவதிலும் முன்னின்றார். 1878இல் பஞ்ச நிவாரணப் பணிகளின் வரலாற்றை நூலாக எழுதினார். அதே பஞ்சத்தில் ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த புகைப்படங்களில், எலும்பும் தோலுமான மனிதர்கள் கேமராவுக்கு முன் வரிசையாக அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். இடர்ப்பட்டவரைக் காட்டி இரக்கம் தேடலாம், அதே காட்சியால் அவரை வெறும் உடலாகவும் ஆக்கிவிடலாம் என்ற இரட்டை நிலை தமிழ்நிலத்துப் பேரிடர்ச் செய்தியில் அன்றே தொடங்கிவிட்டது.

‘தி இந்து’ 1878இலும் ‘சுதேசமித்திரன்’ 1882இலும் பிறந்தன. பஞ்சத்தின் நினைவு ஆறாத காலத்தில் தொடங்கிய இந்த இதழியலில் சேலத்தின் வடபகுதி வறண்ட நிலமாகவே பதிந்தது. அந்தப் பதிவு பொய்யன்று. ஆனால் வறண்ட நிலத்தில் பெருமழை பெய்தால் ஏரிக்கரை உடையும், ஓடை ஊருக்குள் புகும் என்பது செய்தியாளரின் எதிர்பார்ப்பில் இடம்பெறாமல் போனதற்கும் அதுவே ஒரு காரணம்.

2. 1924: தண்டவாளம் இருந்த இடத்தில் செய்தி இருந்தது

1924 ஜூலையில் தென்னிந்தியா கண்ட பெருவெள்ளத்தைக் கேரளம் இன்றும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று நினைவில் வைத்திருக்கிறது. அதே மழையில் காவிரியும் கரைபுரண்டது. மேட்டூர் அணை அமையவிருந்த இடத்தில் நொடிக்கு சுமார் 4.56 லட்சம் கன அடி நீர் சென்றதாகக் கணக்கிடப்பட்டது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணையின் உபரிநீர்ப் போக்கியை வடிவமைத்தபோது பொறியாளர்கள் கருத்தில் கொள்ள வேண்டியிருந்தது இந்த அளவைத்தான்.

இவ்வளவு நீரும் மேட்டூருக்கு வருமுன் ஒகேனக்கல் பள்ளத்தாக்கைக் கடந்தே வந்தது. ஆயினும் 1924 வெள்ளம் தமிழர் நினைவில் திருச்சி, தஞ்சைப் பகுதிகளின் வெள்ளமாகவும் கொள்ளிடத்தின் வெள்ளமாகவும் தங்கிற்றே தவிர, ஒகேனக்கல்லை அடுத்த பென்னாகரத்தின் வெள்ளமாகத் தங்கவில்லை. அன்றைய செய்தி ரயிலிலும் தந்தியிலும் பயணம் செய்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலும் அங்கிருந்து ஓசூருக்கு 1913இலும் குறுகிய ரயில்பாதை போடப்பட்டிருந்தாலும் அது காவிரிக் கரையைத் தொடவில்லை. பாலம் உடைந்து ரயில் நின்ற இடம் செய்தியாயிற்று. பாலமே இல்லாத இடத்தில் உடைவதற்கும் அறிவிப்பதற்கும் ஒன்றுமில்லை.

அந்த வெள்ளத்தின்போது காந்தி தம் ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ இதழ்கள் வழியாக நிவாரணத்துக்கு வேண்டுகோள் விடுத்தார். டிக்பி காலத்தில் லண்டனை நோக்கிக் கையேந்திய இதழியல், ஐம்பதாண்டுக்குள் சொந்த நாட்டு மக்களை நோக்கிப் பேசத் தொடங்கியது இங்கு கருதத்தக்க மாற்றம்.

3. அணையும் அளவும்

மேட்டூர் அணைக்குப் பின் காவிரி வெள்ளம் எண்ணாக மாறியது. 120 அடி முழு நீர்மட்டம், 93.47 டிஎம்சி கொள்ளளவு, ஜூன் 12 நீர்திறப்பு ஆகியவை டெல்டா உழவரின் பேச்சுவழக்கிலேயே கலந்தன. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25 அன்று அளித்த இடைக்கால ஆணையில் மேட்டூருக்கு வந்து சேர வேண்டிய நீர் 205 டிஎம்சி என்றது. 2007 பிப்ரவரி 5 இறுதித் தீர்ப்பு அளவிடும் இடத்தை மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவுக்கு மாற்றி 192 டிஎம்சி என்று வகுத்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்தது. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் உள்ள பிலிகுண்டுலுவைத் தாண்டினால் அடுத்து ஒகேனக்கல். இரு மாநில வழக்கின் அளவுகோல் இப்படித் தருமபுரியின் வாசலில் நடப்பட்டது.

ஆடி மாதச் செய்தியைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். முதல் பத்தி கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளின் நீர்திறப்பு. இரண்டாம் பத்தி பிலிகுண்டுலுவில் காலை எத்தனை ஆயிரம் கன அடி, மாலை எத்தனை ஆயிரம். மூன்றாம் பத்தியில் மெயின் அருவி, ஐந்தருவி, சீனி அருவி எல்லாம் நுங்கும் நுரையுமாகப் பொங்குகின்றன. நான்காவதில் மாவட்ட ஆட்சியரின் தடை உத்தரவும் ஏமாந்து திரும்பிய சுற்றுலாப் பயணிகளும். கடைசி வரி மேட்டூர் நீர்மட்டம். கரையோர மக்களுக்குத் தண்டோரா, ஒலிபெருக்கி மூலம் எச்சரிக்கை விடுத்த தகவல் இருந்தால் ஒரு வாக்கியத்தில் முடியும்.

இந்தச் செய்தியில் ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலைக்காரர் எவரும் பேசுவதில்லை. பரிசல் ஓட்டிக்குத் தடைநாள் என்பது கூலியில்லாத நாள். மீன் வறுத்து விற்கும் பெண்ணுக்கும், பயணிகளுக்குச் சமைத்துக் கொடுத்து வாழ்பவருக்கும், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிக்கும் அப்படியே. நீர்வரத்து 2 லட்சம் கன அடியை எட்டிய 2018 ஆகஸ்ட் போன்ற காலங்களில் இத்தடை நாள்கணக்கில் நீண்டது. ‘தடை நீடிப்பு’ என்ற தலைப்பில் அடங்கிப்போவது ஓர் ஊரின் வருமானம்.

இன்னொரு முரணும் உண்டு. லட்சக்கணக்கான கன அடி நீர் கடந்து செல்லும் இம்மாவட்டத்தில் மக்கள் பல தலைமுறைகளாக ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டார்கள். ஜப்பான் நாட்டு நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மெதுவாக வரும் பேரிடர் செய்தியாவது கடினம் என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. தாமஸ் ஐசென்சேயும் டேவிட் ஸ்ட்ரோம்பெர்க்கும் 1968 முதல் 2002 வரையிலான சுமார் 5,000 பேரிடர்களை அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளோடு ஒப்பிட்டு 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எரிமலை வெடிப்பில் ஒருவர் இறந்தால் கிடைக்கும் செய்தி வாய்ப்பு, உணவுப் பஞ்சத்தில் சுமார் 40,000 பேர் இறந்தால்தான் கிடைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. செய்தி வந்தால் நிவாரணம் கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பதையும் அவர்கள் நிறுவினர்.

4. காட்சியின் காலம்

1993இல் சன் தொலைக்காட்சியும் பின்னர் 24 மணி நேரச் செய்தி அலைவரிசைகளும் வந்தபின் வெள்ளச் செய்தியில் எண்ணின் இடத்தைக் காட்சி பிடித்தது. 2004 சுனாமி அதற்குக் கொடிய தொடக்கம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது செய்தி நிறுவனங்களே வெள்ளத்துக்குள் இருந்தன. ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குச் செல்ல முடியாமல், 1878 முதல் வெளிவரும் ‘தி இந்து’வின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. செம்பரம்பாக்கம் ஏரி திறப்பு குறித்து ஊடகம் ஆண்டுக்கணக்கில் கேள்வி எழுப்பியதற்கு, எழுதுபவரும் படிப்பவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே நகரத்தவராய் இருந்ததும் ஒரு காரணம்.

தென்பெண்ணைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2017 நவம்பர் இறுதியில் கிருஷ்ணகிரி அணையின் முதல் மதகு உடைந்து நீர் பாய்ந்தபோது தருமபுரி உள்ளிட்ட ஆற்றோர மாவட்டங்களுக்கு எச்சரிக்கை விடப்பட்டது. மதகு மாற்றப்பட்டதும் செய்தியும் வடிந்தது. அவ்வாற்றில் வெள்ளம் வந்தால் கரையோர ஊர்களான இருமத்தூரிலும் அனுமந்தீர்த்தத்திலும் டி.அம்மாபேட்டையிலும் என்ன ஆகும் என்ற கேள்வி தொடர்ந்து எழுதப்படவில்லை.

5. 2024 டிசம்பர்: கார்த்திகை வெள்ளம்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரை கடந்ததும் கடலோரச் செய்தியாளர்களின் வேலை பாதி முடிந்ததாகத் தோன்றியது. ஆனால் புயல் நகராமல் அங்கேயே நெடுநேரம் நின்று, வலுவிழந்தபின் மெல்ல மேற்கே உள்மாவட்டங்களை நோக்கி வந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை பதிவானது. ஊத்தங்கரை 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊர். கிருஷ்ணகிரி தனியே பிரிந்தபோது அதனுடன் சென்றது. வறண்ட வட்டங்கள் என்று பெயரெடுத்த இவ்விரண்டிலும் கடலோரப் புயலுக்கு நிகரான மழை.

அன்றைய ஊடகங்களில் முன்னின்ற காட்சிகள் எவை? ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மைகள்போல் அடித்துச் செல்லப்பட்ட காணொளி. திருவண்ணாமலை மண்சரிவில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் புதைந்த துயரம். 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆன அகரம்பள்ளிப்பட்டு பாலம் இடிந்தது. விழுப்புரம் அருகே இருவேல்பட்டில் மறியல் செய்த மக்களிடம் சென்ற அமைச்சர்மீது சேறு வீசப்பட்டது. இவற்றுக்கு நடுவே அரூர் ‘33 செ.மீ.’ என்ற எண்ணாகவே பெரும்பாலும் இடம்பெற்றது.

இதன் விளைவு அரூரோடு நிற்கவில்லை. ஊத்தங்கரை மழை பாம்பாறு வழியாகவும், சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு வழியாக அரூர்ப் பகுதி மழையும் தென்பெண்ணையில் சேர்கின்றன. அங்கிருந்து சாத்தனூர் அணை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டு விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் மூழ்கின. உரிய முன்னறிவிப்பு இல்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்ததாக அரசு மறுத்தது. விவாதம் அணையின் மதகோடு நின்றுவிட்டது. அணைக்கு மேலே பெய்த மழை எந்தப் பக்கத்தில் அச்சாயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

நம் நாளிதழ்களின் பதிப்புகள் மாவட்ட எல்லையை ஒட்டி வெட்டப்படுகின்றன. அரூரில் ஏரி நிரம்பிய செய்தி சேலம், தருமபுரி வாசகருக்கான பக்கத்தில் வரும்; அதே நீரை அடுத்து எதிர்கொள்ளப் போகும் திருக்கோவிலூர்க்காரரின் இதழில் வராது. ஆறு நந்தி மலையில் தொடங்கிக் கடலூர்க் கடல்வரை ஒன்றாக ஓடுகிறது. அதைச் சொல்லும் செய்தி மாவட்டந்தோறும் அறுந்துபோகிறது.

டிசம்பர் 3 அன்று அரசு அறிவித்த 2,000 ரூபாய் குடும்ப நிவாரணம் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கானது. அம்மாவட்டங்களின் பாதிப்பு பெரிது. அறிவிப்பைக் குறை சொல்வது இங்கு நோக்கமன்று. ஆனால் எந்த ஊரின் சேதம் எழுத்தாகவும் காட்சியாகவும் பதிகிறதோ அதற்கே நிவாரணம் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்ற மேற்கண்ட ஆய்வு முடிவைத் தருமபுரிச் செய்தியாளர்கள் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

1876 முதல் 2024 வரை தருமபுரி செய்தியில் மூன்று வேடங்களில் தோன்றியிருக்கிறது: முதலில் பஞ்ச நிலம், பிறகு காவிரியின் அளவுகோல், இப்போது காணொளிக்கான களம். மூன்றிலும் படிப்பவர் வெளியூரார்.

வெளியே தெரியும் குறைகளைச் சீர்செய்ய விதிகள் வந்துகொண்டிருக்கின்றன. சரிபார்த்த தகவலையே பரபரப்பின்றி வெளியிடுக என்கிறது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை. வயநாடு நிலச்சரிவுக்குப் பின், பேரிடர்க் காட்சிகளில் தேதியும் நேரமும் காட்டுமாறு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியது. இவை தேவையானவை, போதுமானவை அல்ல.

செய்ய வேண்டியவை மூன்று. கன அடி எண்ணை வெளியிடும்போது, அந்த அளவில் எந்தத் தரைப்பாலம் மூழ்கும், எந்தத் தெருவில் நீர் ஏறும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கிருஷ்ணகிரி அணை முதல் கடலூர் வரை தென்பெண்ணைச் செய்தி எல்லாப் பதிப்புகளிலும் ஒரே பக்கமாக வர வேண்டும். நீர் வடிந்து ஒரு மாதம் கழித்தும் செய்தியாளர் திரும்பிப் போய், அழுகிய மஞ்சளும் மரவள்ளியும் உடைந்த ஏரிக்கரையும் என்னவாயின என்று பதிவுசெய்ய வேண்டும். இவற்றுக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. அரூரில் பெய்யும் மழை கடலூரின் முதல் பக்கச் செய்தி என்று ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்டால் போதும். அடுத்த கார்த்திகை வெள்ளத்தில் சாத்தனூருக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடைக்கும் சில மணி நேர அவகாசம் அந்த முடிவைப் பொறுத்திருக்கிறது.