லயோலா 1963: எழுதாத சட்டத்தை மீறின கதை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துன்னு பேச்சு வந்தாலே நம்மாளுங்க நிறைய பேர் 'க்ளோரி ரோட்' படத்தைச் சொல்லுவாங்க. 2006-ல வந்த படம். ஐந்து கறுப்பின வீரர்களோட களமிறங்கின டெக்சஸ் வெஸ்டர்ன் அணி, முழுக்க வெள்ளைக்காரப் பசங்களே ஆடின கென்டக்கியை 1966 இறுதி ஆட்டத்துல தோற்கடிச்ச கதை. நல்ல படம்தான், மறுக்கல. ஆனா அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1962-63 சீசன்ல நடந்த இன்னொரு கதை இருக்கு. அதுல ஜெயிச்சவங்க கதை எவ்வளவு சுவாரசியமோ, தோத்தவங்க கதையும் அவ்வளவு சுவாரசியம். அதைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஜெயிச்சவங்க. லயோலா அணி. நுங்கம்பாக்கம் லயோலா இல்லீங்க, சிகாகோ லயோலா :-) ரெண்டுமே இயேசு சபைக்காரங்க ஆரம்பிச்சதுதான், ரெண்டுக்கும் அதே புனிதர் பேருதான். கோச் பேரு ஜார்ஜ் அயர்லாண்ட்.

அந்தக் காலத்துல கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கிட்ட கல்லூரிகள்ல கூட ஒரு கணக்கு ஓடிட்டிருந்தது. சொந்த ஊர்ல ஆடும்போது இத்தனை பேர், வெளியூர்ல இத்தனை பேர், தோக்குற நிலைமை வந்தா இன்னும் ஒருத்தர். இதை எந்த விதிப் புத்தகத்துலயும் தேடினா கிடைக்காது. ஆனா எல்லா கோச்சுக்கும் மனப்பாடம். அயர்லாண்ட் இந்தக் கணக்கைத் தூக்கி ஓரமா வச்சிட்டார். அவரோட முதல் ஐவர்ல நாலு பேர் கறுப்பினத்தவர்: கேப்டன் ஜெர்ரி ஹார்க்னஸ், ரான் மில்லர், லெஸ் ஹண்டர், விக் ரவுஸ். ஐந்தாவது ஆள் ஜான் ஈகன், சிகாகோ வெள்ளைக்காரப் பையன். ஹார்க்னஸும் மில்லரும் நியூயார்க். ஹண்டரும் ரவுஸும் நாஷ்வில் நகரத்து பேர்ல் உயர்நிலைப் பள்ளியில ஒண்ணாப் படிச்சவங்க. இந்தப் பள்ளிப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1962 டிசம்பர் கடைசியில, வயோமிங் அணிக்கு எதிரா ஒக்லஹோமா சிட்டியில நடந்த ஆட்டத்துல, அயர்லாண்ட் ஒரே நேரத்துல ஐந்து கறுப்பின வீரர்களைக் களத்துல நிறுத்தினார். பெரிய கல்லூரிகளோட மட்டத்துல அதுதான் முதல் தடவை. அவர் இதை ஒரு போராட்டமா நினைச்சுச் செஞ்சார்னு எனக்குத் தோணல. அவருக்கு ஜெயிக்கணும். நல்லா ஆடுறவனை உட்கார வச்சுட்டு எப்படி ஜெயிக்கிறது?

அந்த வருஷம் நாட்டிலேயே அதிகப் புள்ளி குவிச்ச அணி லயோலா. ஆட்டத்துக்கு சராசரியா 90-க்கு மேல. ஆனா தெற்கே போனா வேற உலகம். நியூ ஆர்லியன்ஸ் போனப்ப கறுப்பின வீரர்கள் மத்தவங்களோட ஒரே ஓட்டல்ல தங்க முடியல. ஹூஸ்டன்ல பார்வையாளர்கள் கண்டபடி திட்டினாங்க, கையில கிடைச்சதைத் தூக்கி எறிஞ்சாங்க. எல்லாத்தையும் தாண்டி மார்ச் மாசம் தேசியப் போட்டிக்கு வந்தாங்க. முதல் சுற்றுல டென்னசி டெக் அணியை 111-42-ன்னு புரட்டி எடுத்தாங்க. 69 புள்ளி வித்தியாசம்! அடுத்து ஆட வேண்டியது மிசிசிப்பி ஸ்டேட்.

இங்கதான் கதையே ஆரம்பிக்குது.

மிசிசிப்பி மாநிலத்துலயும் ஒரு எழுதாத சட்டம். மாநிலக் கல்லூரி அணி எதுவும் கறுப்பின வீரர் இருக்கிற அணியோட ஆடக் கூடாது. சட்டமன்றம் அப்படி எதையும் நிறைவேத்தல. ஆனா மீறினா அரசாங்கப் பணம் வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். இதனால 1959, 1961, 1962 மூணு தடவையும் மிசிசிப்பி ஸ்டேட் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றும் போகாம வீட்ல உட்கார்ந்தது. 1959-ல அவங்க 24 ஆட்டம் ஜெயிச்சு ஒண்ணே ஒண்ணு தோத்தவங்க. அந்த அணியோட நட்சத்திரம் பெய்லி ஹவல் தேசியப் போட்டி ஆடாமலே படிப்பை முடிச்சுட்டுப் போனார். அப்புறம் பாஸ்டன் செல்டிக்ஸ்ல சேர்ந்து 1968, 1969-ல சாம்பியன் ஆனார். அங்க அவருக்குக் கோச் யாருங்கறீங்க? பில் ரஸ்ஸல். அந்தத் தொழில்முறை லீகோட முதல் கறுப்பின கோச். யாரோட ஆடவே கூடாதுன்னு மாநிலம் தடுத்துச்சோ, அவர் சொன்னபடி ஆடித்தான் மனுஷன் கோப்பை வாங்கினார்!

1963-ல நாலாவது தடவையா வாய்ப்பு வந்தது. சூழ்நிலையைப் பாருங்க. அஞ்சாறு மாசம் முன்னாடி, 1962 செப்டம்பர் 30-ஆம் தேதி ராத்திரி, ஜேம்ஸ் மெரிடித்ங்கிற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துல சேரக் கூடாதுன்னு பெரிய கலவரம். ரெண்டு பேர் செத்தாங்க. ராணுவம் வர வேண்டியதாயிடுச்சு. ஆளுநர் ராஸ் பார்னெட் இனப் பிரிவினையை விடவே மாட்டேன்னு நின்னவர். அந்த நேரத்துல மார்ச் 2-ஆம் தேதி, மிசிசிப்பி ஸ்டேட்டோட தலைவர் டீன் கால்வர்ட் ஒரு அறிக்கை விட்டார். தகுந்த அதிகாரம் உள்ளவங்க தடுத்தா ஒழிய நம்ம அணி போட்டிக்குப் போகும்னு அதோட சாரம். ஆளுநர் எதிர்த்தார். கல்லூரி வாரியம் கூடிப் பேசி, கடைசியில கால்வர்ட் முடிவைத் தடுக்கல.

அத்தோட விட்டாங்களா? மார்ச் 13-ஆம் தேதி, பில்லி மிட்ஸ்ங்கிற செனட்டர் இன்னொருத்தரோட சேர்ந்து நீதிமன்றத்துல தற்காலிகத் தடை வாங்கிட்டார். இத்தனைக்கும் அவர் அதே மிசிசிப்பி ஸ்டேட்ல படிச்சவர்! ஆனா தடை உத்தரவுன்னா சம்பந்தப்பட்டவங்க கையில கொண்டு வந்து கொடுக்கணும். ஆளே ஊர்ல இல்லைன்னா?

கால்வர்ட் பக்கத்து அலபாமா மாநிலத்துல ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிட்டார். கோச் பேப் மெக்கார்த்தி ராத்திரியோட ராத்திரியா கார்ல மெம்ஃபிஸ் போய், அங்கிருந்து நாஷ்வில் போயிட்டார். மறுநாள் காலையில மாற்று ஆட்டக்காரங்க சிலரை முதல்ல விமான நிலையத்துக்கு அனுப்பி, போலீஸ் தடுக்குதான்னு நோட்டம் பார்த்தாங்க. தடுக்க ஆள் இல்லைன்னு தெரிஞ்சதும் மத்தவங்க வந்து ஏற, விமானம் கிளம்பிடுச்சு. நாஷ்வில்ல கோச்சை ஏத்திக்கிட்டு நேரா மிச்சிகன். இதுக்கு நடுவுல மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருத்தர் அந்தத் தடையையே நிறுத்தி வச்சிட்டார்ங்கறது தனிக்கதை. விளையாடப் போற பசங்க திருட்டுத்தனமா ஊரை விட்டு ஓட வேண்டியிருந்துச்சு பாருங்க.

1963 மார்ச் 15, ஈஸ்ட் லான்சிங் நகரம். ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி நடுக்களத்துல ரெண்டு கேப்டனும் கை குலுக்கினாங்க. இந்தப் பக்கம் ஜெர்ரி ஹார்க்னஸ், அந்தப் பக்கம் ஜோ டான் கோல்ட். சுத்தி ஃப்ளாஷ் பல்புகள் வெடிச்ச வேகத்தைப் பார்த்த பிறகுதான் இது வெறும் ஆட்டம் இல்லைன்னு உறைச்சதா ஹார்க்னஸ் பின்னாடி பல தடவை சொல்லியிருக்கார்.

ஆட்டத்துல அடிதடி எதுவும் இல்ல. மிசிசிப்பி ஸ்டேட் 7-0-ன்னு முன்னால போனாங்க. லயோலா மெதுவா எட்டிப் பிடிச்சு, கடைசியில 61-51-ன்னு ஜெயிச்சது. தோத்த அணி மறுநாள் ஆறுதல் ஆட்டத்துல பௌலிங் க்ரீன் அணியை 65-60-ன்னு ஜெயிச்சுட்டு ஊர் திரும்பினாங்க. அந்த அணியிலயும் நேட் தர்மண்ட் மாதிரி கறுப்பின வீரர் உண்டு. வானம் இடிஞ்சு விழல. கால்வர்டுக்கு வேலையும் போகல, 1966 வரைக்கும் அவர்தான் தலைவர்.

லயோலா கதையையும் முடிச்சிடறேன். இல்லினாய், ட்யூக் அணிகளை ஜெயிச்சு மார்ச் 23-ஆம் தேதி லூயிவில்ல இறுதி ஆட்டத்துக்கு வந்தாங்க. எதிர்ல 1961, 1962 ரெண்டு வருஷமும் சாம்பியனான சின்சினாட்டி. ரெண்டாம் பாதியில சின்சினாட்டி 45-30. அப்ப கல்லூரி ஆட்டத்துல இத்தனை நொடிக்குள்ள பந்தை எறிஞ்சாகணும்ங்கிற விதியெல்லாம் கிடையாது. பந்தைக் கையில வச்சுக்கிட்டு நேரத்தைக் கடத்தலாம்னு பார்த்தாங்க சின்சினாட்டி. லயோலா விரட்டி விரட்டிப் பந்தைப் பறிச்சாங்க. நாலு நொடி இருக்கும்போது ஹார்க்னஸ் போட்ட பந்துல 54-54. ஓவர்டைம். அதுவும் முடியப் போற கடைசி நொடியில, ஹண்டர் எறிஞ்சு தவறின பந்தை ரவுஸ் எகிறிப் பிடிச்சு உள்ள போட்டார். 60-58. மொத்தம் 45 நிமிஷம், அதே ஐந்து பேர், ஒரு மாற்று ஆள் கூட இறங்கல! அன்னிக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து ஆட்டத்தைத் தொடங்கின பத்து பேர்ல ஏழு பேர் கறுப்பினத்தவர். சீசன் கணக்கு 29 வெற்றி, 2 தோல்வி.

இத்தோட சுபம் போட்டா அது சினிமா. நிஜம் வேற மாதிரி. மிசிசிப்பி ஸ்டேட்ல முதல் கறுப்பின மாணவர் சேர்ந்ததே 1965-ல. பேர்ல் பள்ளியை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே? ஹண்டர், ரவுஸ் படிச்ச அதே பள்ளியிலிருந்து பெர்ரி வாலஸ்னு ஒரு பையன் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் போனார். மிசிசிப்பி ஸ்டேட் ஆடுற அதே தென்கிழக்கு மாநாட்டு லீக்ல 1967-ல ஆடத் தொடங்கின முதல் கறுப்பின கூடைப்பந்து வீரர் அவர்தான். முதலாண்டு மாணவரா இருந்தப்ப மிசிசிப்பி ஸ்டேட்டோட சொந்த ஊரான ஸ்டார்க்வில்லுக்கு ஆடப் போனார். கூட்டம் கத்தின கத்துல, இடைவேளையில அவரும் இன்னொரு கறுப்பின வீரரும் உடை மாத்துற அறையில ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்களாம். 1963-ல கை குலுக்கி நாலு வருஷம் ஆன பிறகும் அதே ஊர்ல நிலைமை இது.

அப்ப அந்த ஆட்டத்தால என்ன பிரயோசனம்னு கேக்கலாம். எனக்குத் தோணுறது இது. எழுதி வச்ச சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். எழுதாததை என்ன பண்றது? ஒருத்தர் மீறிப் பார்க்கணும், மீறினா ஒண்ணும் ஆகலன்னு மத்தவங்க பார்க்கணும். அதுக்கு அப்புறம் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு, அப்படி ஒரு சட்டம் இருக்குன்னு சொல்லிக்கிட்டு வீட்ல உட்கார வழியில்லாம போச்சு. அந்தப் பசங்க யாரும் புரட்சிக்காரங்க இல்ல. நல்ல அணியோட மோதிப் பார்க்கணும்ங்கிற ஆசை, அவ்வளவுதான். சில நேரம் அதுவே போதுமா இருக்கு.

ஜோ டான் கோல்ட் 2011-ல இறந்தார். ஹார்க்னஸ் இறுதிச் சடங்குக்குப் போனார். சவப்பெட்டி பக்கத்துல அந்தக் கைகுலுக்கல் படம் வச்சிருந்தாங்களாம். 2013-ல லயோலா அணியை அதிபர் ஒபாமா வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு கௌரவிச்சார். 2021-ல ஹார்க்னஸும் போயிட்டார்.

இந்தக் கதையில யாருக்குத் தைரியம் அதிகம்ங்கறீங்க? ஹூஸ்டன்ல வசவு வாங்கிக்கிட்டே ஆடின ஹார்க்னஸா, வேலை போனாலும் பரவால்லன்னு அறிக்கை விட்ட கால்வர்டா, ராத்திரியோட ராத்திரியா ஓடின மெக்கார்த்தியா? என் ஓட்டு ஹார்க்னஸுக்கு. மத்த ரெண்டு பேரும் ஒரு தடவைதான் துணிய வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொரு ஊர்லயும் துணிஞ்சார். உங்க ஓட்டு யாருக்குன்னு சொல்லிட்டுப் போங்க.