கல்கத்தாவில் தங்க ஓர் இடம்

முன்பின் அறியாத நகரத்திற்குச் செல்லும் ஒருவர் ரயிலை விட்டு இறங்கியவுடன் முதலில் விசாரிப்பது தங்குமிடத்தைப் பற்றித்தான். கோயிலும் கடைத்தெருவும் காட்சிச்சாலையும் அதற்குப் பின்னரே நினைவிற்கு வரும். தங்குமிடம் நகரத்தின் நடுவில் இருத்தல் வேண்டும். அலுவல் உள்ள இடம் அருகில் இருத்தல் வேண்டும். கையிலுள்ள பொருளுக்குக் கட்டுப்படியாகவும் வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தையே வசதியான விடுதி என்கிறோம். ஆனால் நகரத்தின் நடு என்பது எது? வசதி என்பது யாருக்கு? கல்கத்தாவின் வரலாற்றில் இவ்விரு வினாக்களுக்கும் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. அவற்றுள் நம்மவர் கதையும் ஒன்று.

நம் நாட்டில் வழிப்போக்கரைப் பேணும் வழக்கம் மிகப் பழமையானது. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் சத்திரங்களை எழுப்பி, அவற்றிற்கு நிலங்களையும் எழுதி வைத்தனர். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. ரயில் வந்த பிறகு சென்னையில் சென்ட்ரல் நிலையத்தின் எதிரிலேயே ராஜா சர் இராமசாமி முதலியார் சத்திரம் எழுந்தது. சத்திரம் என்பது அறம். அங்கே தங்குவதற்குக் காசு வேண்டுவதில்லை. எனினும் அறச்சாலைக்கும் வரம்புகள் இருந்தன. எத்தனை நாள் தங்கலாம், எந்தச் சாதியார் எந்தப் பந்தியில் உண்ணலாம் என்பவற்றையெல்லாம் வழக்கமே வகுத்து வைத்திருந்தது.

காசு கொடுத்துத் தங்கும் விடுதி வேறொரு வழியில் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கல்கத்தா கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைநகராக வளர்ந்தபோது, அதன் வாயில் ஹூக்ளி ஆறாகவே இருந்தது. கப்பலில் வந்தவர்கள் சாந்த்பால் படித்துறையில் இறங்கினர். அக்காலத்து ஐரோப்பியர் நண்பர் வீடுகளிலோ, லால் பஜாரைச் சுற்றியிருந்த மதுச்சாலைகளிலோ தங்கினர். 1830 இல் ஜான் ஸ்பென்ஸ் என்பவர் தொடங்கிய ஸ்பென்ஸ் ஹோட்டல், ஆசியாவின் மிகப் பழைய ஹோட்டல்களுள் ஒன்று. அது கவர்னர் ஜெனரல் மாளிகையை ஒட்டி அமைந்திருந்தது. அதனை அடுத்து, டேவிட் வில்சன் என்னும் ரொட்டிக் கடைக்காரர் 1840-41 இல் ஒரு விடுதியைத் திறந்து, அந்நாளைய கவர்னர் ஜெனரலின் பெயரால் ஆக்லண்ட் ஹோட்டல் என்று அதனை வழங்கினார். மேலே அறைகளும் கீழே பல பண்டங்கள் விற்கும் கடையுமாக அது விளங்கிற்று. பிற்காலத்தில் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் என்று உலகறிந்த விடுதி அதுவே.

இவ்விடங்களின் அமைப்பைக் கருதினால் ஓர் உண்மை விளங்கும். படித்துறை, அரசாங்க மாளிகை, ரைட்டர்ஸ் கட்டடம், உயர்நீதிமன்றம், தபால் தலைமை நிலையம் ஆகிய யாவும் டல்ஹௌசி சதுக்கத்தைச் சுற்றி நடந்தே செல்லும் தொலைவில் இருந்தன. நகரத்தின் நடு என்பது ஆட்சியின் நடு. அங்கே தங்குவது ஆட்சியோடு அலுவல் உடையவர்க்கே வசதி.

சற்றுத் தெற்கே, பரந்த மைதானத்தை நோக்கிய சௌரங்கி வீதியில் மற்றொரு பெருவிடுதி தோன்றியது. அங்கே ஒரு சீமாட்டி நடத்திவந்த தங்கும் விடுதியை, பாரசீகத்து இஸ்பஹானிலிருந்து வந்த ஆர்மீனியரான ஆரத்தூன் ஸ்டீபன் என்பவர் வாங்கினார். 1911 இல் தீக்கிரையான நாடகசாலை ஒன்றின் இடத்தையும் அதனோடு சேர்த்துக் கிராண்ட் ஹோட்டலை எழுப்பினார். 1930களில் அங்கே விஷசுரம் பரவி உயிர்கள் மாய்ந்தன. 1937 இல் விடுதி மூடப்பட்டது. அதனைக் குத்தகைக்கு எடுத்துத் திறந்தவர், சிம்லாவில் ஹோட்டல் குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கிய மோகன் சிங் ஓபராய். 1943 இல் அது அவருக்கே உரிமையாயிற்று. ஒரு காலத்தில் குமாஸ்தாவாக இருந்த இந்தியர், வெள்ளையர்க்கென்றே விளங்கிய மாளிகையின் உடைமையாளர் ஆனார். நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்த இம்மாற்றம் நினைவில் நிறுத்தத் தக்கது.

இனி, ரயில் வருகையைக் காண்போம். 1854 ஆகஸ்டு 15 ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடியது. நிலையமோ ஆற்றின் மேற்கரையில் இருந்தது. நகரம் கீழ்க்கரையில் இருந்தது. 1874 இல் மிதவைப் பாலம் அமையும் வரை பயணிகள் படகிலேயே ஆற்றைக் கடந்தனர். பின்னர், ஹௌராப் பாலத்தையும் கிழக்கே உள்ள சியால்டா நிலையத்தையும் இணைத்து ஹாரிசன் வீதி அமைக்கப்பட்டது. இன்று அது மகாத்மா காந்தி வீதி. நகரத்தின் வாயில் ஆற்றிலிருந்து ரயிலுக்கு மாறியதும் தங்குமிடமும் உடன் மாறிற்று. இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட அவ்வீதியின் இருமருங்கிலும் தர்மசாலைகளும் தங்கும் விடுதிகளும் பெருகின. மாவட்டங்களிலிருந்து படிக்கவும் பணி செய்யவும் வந்த வங்க இளைஞர்கள் அங்கே அறைகளைப் பகிர்ந்து வாழ்ந்தனர். அத்தகைய இல்லத்திற்கு வங்கத்தில் ‘மெஸ்’ என்று பெயர். துப்பறியும் பியோம்கேஷ் பக்‌ஷியைப் படைத்த சரதிந்து பந்த்யோபாத்யாய் அவ்வீதியில் ஒரு மெஸ்ஸில் வாழ்ந்தவர். பியோம்கேஷ் கதை வரிசையில் முதலாவதாகக் கொள்ளப்படும் கதையும் ஒரு மெஸ்ஸிலேயே நிகழ்கிறது.

இங்கே இரு மொழிகளின் போக்கைச் சற்று ஒப்பு நோக்கலாம். ஹோட்டல் என்னும் சொல் ஆங்கிலத்தில் தங்குமிடத்தைக் குறிக்கும். தமிழில் ஓட்டல் என்றால் நமக்கு இட்டிலியும் காப்பியுமே நினைவிற்கு வரும். வங்காளியர்க்கும் அவ்வாறே, ‘பாத்தேர் ஹோட்டல்’ என்றால் சோற்றுக்கடை. மெஸ் என்னும் சொல்லிலோ நாம் வேறுபடுகிறோம். தமிழர்க்கு மெஸ் என்பது உண்ணும் இடம். வங்காளியர்க்கு அது உறங்கும் இடம். புதிதாக வந்த தமிழர் ஒருவர் சாப்பாட்டிற்காக மெஸ்ஸைத் தேடிச் சென்றால், அங்கே கட்டில் காலியில்லை என்ற விடையைப் பெற்றுத் திகைக்க நேரலாம்!

சோறு வேண்டியவர்க்கு அந்நாளில் ‘பைஸ் ஹோட்டல்’கள் இருந்தன. சில்லறைக் காசுக்கு உணவு கிடைத்தமையால் அப்பெயர் வந்தது. சோறு, பருப்பு, மீன் என ஒவ்வொன்றிற்கும் தனித்தனி விலை. வாழை இலைக்கும் தனியே காசு வாங்கும் கடைகள் இன்றும் உள. கல்லூரித் தெருவை அடுத்து 1927 இல் தொடங்கிய ஹிந்து ஹோட்டல் ஒன்று, விடுதலைக்குப் பின் ‘ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல்’ என்று பெயர் பூண்டு இன்றும் நடைபெறுகிறது. வாழை இலையைக் கண்டு மகிழும் தமிழர், மீன் மணத்தைக் கண்டு தயங்கியதும் உண்டு.

தமிழர் இந்நகருக்கு வந்த வழியையும் கூறல் வேண்டும். கிழக்குக் கடற்கரை ரயில் பாதை முழுமை பெறும் வரை, சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வருதல் வேண்டும். அன்றேல் பம்பாய்ப் பக்கம் சுற்றிக்கொண்டு ரயிலில் வருதல் வேண்டும். 1900 ஆம் ஆண்டளவில் நேர் வழி திறந்தது. கல்கத்தா அப்போது இந்தியாவின் தலைநகர். கணக்கும் ஆங்கிலமும் கற்ற தமிழ் இளைஞர்களை அந்நகரின் அலுவலகங்கள் அழைத்தன.

அவ்வாறு 1907 இல் வந்தவர்களுள் ஒருவர், பதினெட்டே வயதான சந்திரசேகர வெங்கடராமன். துணை அக்கவுண்டண்ட் ஜெனரலாக அவர் பதவியேற்றார். பௌபஜாரை ஒட்டிய ஸ்காட் சந்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அலுவலகம் சென்று வரும் டிராம் வண்டியிலிருந்து, 210 ஆம் எண் பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் 1876 இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. அதன் பின், அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் அக்கழகத்தின் ஆய்வுக்கூடமே அவருக்கு வீடாயிற்று. 1928 பிப்ரவரி 28 இல் இராமன் விளைவு வெளிப்பட்டதும் அவ்விடத்தில்தான். 1930 இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர் நகரின் தொலைவான மூலையில் வீடெடுத்திருந்தால் அப்பலகை கண்ணில் பட்டிருக்குமா, இரவு நேரத்தில் ஆய்வுக்கூடத்தை எட்டியிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கலாம். தங்குமிடம் ஒருவரின் வாழ்க்கைப் போக்கையே மாற்ற வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

எல்லோரும் உயர் அலுவலர் அல்லர். குமாஸ்தாவாகவும் சுருக்கெழுத்தாளராகவும் வந்தவர்க்குக் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலின் வாயிற்படி எட்டாத உயரம். அவர்கள் தமக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டனர். நகரின் தெற்கே புதிய வீதிகளும் ஏரியும் அமைந்தபோது, ராஷ்பிகாரி அவென்யூவும் லேக் மார்க்கெட்டும் தமிழர் வாழிடமாயின. டிராம் ஏறினால் டல்ஹௌசி சதுக்கம் சென்று சேரலாம். காலையில் காப்பி, மாலையில் சங்கீத சபை, சந்தையில் முருங்கைக்காய், வாடகைக்குப் பங்கிட்டுக்கொண்ட அறை என்று வாழ்க்கை அமைந்தது. கோமள விலாஸ், பிரேம விலாஸ் முதலிய பெயர்கள் இப்பகுதித் தமிழர்க்கு நன்கு பழகியவை. ஊரிலிருந்து வந்த இளைஞன் முதலில் தேடியது இத்தகைய இடங்களையே. ஆட்சியின் நடுவாகிய டல்ஹௌசி ஒருபுறம் இருக்க, தமிழர்க்கென வேறொரு நடு உருவாயிற்று.

எல்லோரும் வேலை தேடி வந்தவர்களும் அல்லர். 1942 இல் ஜப்பானியப் படை பர்மாவில் புகுந்தபோது, காடும் மலையும் கடந்து தப்பி வந்த தமிழர் பலர் கல்கத்தா வழியாகவே ஊர் திரும்பினர். உடுத்த துணியோடு வந்தவர்க்கு ஒரு திண்ணையும் ஒரு பிடி சோறும் மாளிகையினும் பெரியவை.

ஆயினும், நம் இடங்கள் யாவர்க்கும் திறந்திருந்தன என்று பெருமை பேசிவிட முடியாது. வெள்ளையர் விடுதிகளில் நிறமும் செல்வமும் தடையாக நின்றன. நம்மவர் உணவு விடுதிகளில் சாதி தடையாக நின்றது. தமிழ்நாட்டுச் சிற்றுண்டிச் சாலைகளின் பெயர்ப்பலகைகளில் சாதிப்பெயர் இடம் பெற்றிருந்ததை எதிர்த்து, 1957 இல் பெரியார் ஈ.வெ.ரா. சென்னை திருவல்லிக்கேணியில் கிளர்ச்சி நடத்தினார். நாட்டின் அடிப்படைச் சட்டம் அதற்கு முன்னரே பேசியிருந்தது. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் எவரையும் தடுத்தல் கூடாது என்கிறது. 1955 இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று பெயர் பெயராக எடுத்துரைக்கிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இவை வெறும் அருஞ்சொற்களாகத் தோன்றலாம். இரவு நேரத்தில் ஒரு வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்க்கோ, ஒவ்வொரு சொல்லும் திறக்கப்பட்ட ஒரு கதவு.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். ஸ்பென்ஸ் ஹோட்டல் இன்று இல்லை. கிரேட் ஈஸ்டர்ன் 1970களில் மாநில அரசின் பொறுப்பிற்கு வந்தது. 2005 இல் தனியார்க்கு விற்கப்பட்டுப் புதுப்பிக்கப்பெற்று, 2013 இல் மீண்டும் திறக்கப்பட்டது. சௌரங்கிக்கு அருகே உள்ள சதர் தெரு, எளிய செலவில் தங்க விரும்பும் பயணிகளின் தெருவாக விளங்குகிறது. அத்தெருவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான், இளமையில் தாகூர் தம் கவிதை வாழ்வைத் திருப்பிய காலைப்பொழுதைக் கண்டார் என்பது அங்கே தங்குவோர் பலர் அறியாத செய்தி. விமான நிலையத்தையும் கிழக்குப் புறவழிச்சாலையையும் நோக்கிப் புதிய விடுதிகள் நகர்ந்தன. ஆனால் 2024 மார்ச்சில் ஆற்றின் அடியே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபின், ஹௌராவிலிருந்து எஸ்பிளனேடு வருவதற்குச் சில நிமிடங்களே ஆகின்றன. படகில் கடந்த ஆற்றை நாம் இன்று அடியிலேயே கடக்கிறோம். பழைய நடுவே மீண்டும் வசதியான நடுவாகியுள்ளது.

இக்கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இன்று ஹௌராவிலிருந்து தெற்கே செல்லும் ரயில்களில் மருத்துவக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யும் வங்கக் குடும்பங்களைக் காணலாம். அவர்கள் நாடிச் செல்வது வேலூர். 1900 இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப் பணி, பெரிய மருத்துவமனையாக அங்கே வளர்ந்து நிற்கிறது. அதனைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகளின் பெயர்ப்பலகைகள் வங்க எழுத்தில் உள்ளன. உணவுக்கடைகளில் மீன் குழம்பும் சோறும் கிடைக்கின்றன. கல்கத்தாவில் முருங்கைக்காய் தேடிய தமிழரைப் போலவே, வேலூரில் வங்கத் தாய் ஒருத்தி கடுகெண்ணெய் தேடுகிறாள். அவளுக்கும் மருத்துவமனைக்கு அருகே, கட்டுப்படியாகும் வாடகையில், பெயரையும் சமயத்தையும் துருவிக் கேட்காத ஓர் அறை வேண்டும்.

ஹோட்டல், ஹாஸ்பிடல் ஆகிய இரு சொற்களும் விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் ஒருங்கே குறித்த ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை. நம் தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாக வந்தவரே விருந்தினர். வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பெரும்பாலோர் ஒருநாள் கையில் பெட்டியுடன் ஓர் அயல்நகரின் தெருவில் நின்றவர்களே. அந்நகர்களில் இன்று நாம் வாடகைக்கு விடும் வீடுகளும் நடத்தும் விடுதிகளும் உள்ளன. ஊரிலிருந்து புதிதாக வரும் இளைஞர்க்கு எந்தத் தெருவில் அறை கிடைக்கும் என்று சொல்லவும் நாம் அறிவோம். நம் கதவைத் தட்டுபவர் எம்மொழியினராயினும், நம் முதல் இரவை நினைவிற் கொண்டு விடை கூறுவோமாக.