கட்டை வைத்த வண்டி

போன வருடம் ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். ஃபோர்டு எஃப்-250, 1976ஆம் வருடத்து வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும், 390 கன அங்குல வி8 இன்ஜின். நான் இருக்கும் டொலிடோவுக்கு மேற்கே ஒரு சோளக்காட்டு ஓரமாக நின்றிருந்தது. விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, நாலு அங்குலம் ஏற்றியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். எதை வைத்து ஏற்றினார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் தெரிந்தது. மௌமி ஆற்றுப் பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் கையில் உதற ஆரம்பித்தது. மணிக்கு 45 மைல் வேகம்தான். முன்பக்கம் முழுக்கச் சல்லடை போல ஆடியது. வண்டி கிட்டத்தட்ட நிற்கும் வரை ஆட்டம் அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அடியில் படுத்துப் படம் எடுத்து நாமக்கல்லுக்கு அனுப்பினேன். அப்பா அங்கே நாற்பது வருடம் பட்டை வேலை, அதாவது லீஃப் ஸ்பிரிங் வேலை, பார்த்தவர். லாரியில் ஒடிந்த பட்டையை இறக்கி, புதுசுக்கு வளைவு கொடுத்து, சென்டர் போல்ட் முடுக்கி ஏற்றிய காசில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். படத்தைப் பார்த்த வேகத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"ஏண்டா, முன்னாடியுமா கட்டை வெச்சிருக்கான்?"

"ஆமாங்ப்பா. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல நாலு அங்குலம்."

"பின்னாடி வெக்கறதே அரை மனசோட வெக்கறது. முன்னாடி வெச்சா, பிரேக்கு புடிக்கறப்ப அச்சு முறுக்கும். கட்டை உருவிக்கிட்டுதுன்னா வண்டி எங்க போகும்னு அந்த முருகனுக்குத்தான் தெரியும். மொதல்ல யூ போல்ட்டப் பாரு கண்ணு."

பார்த்தேன். இடது பக்கத்து நட்டு ஒன்று ஸ்பேனரில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றியது. கட்டை அமர்ந்திருந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் துரு போய் இரும்பு பளபளத்தது. கட்டை அங்கே இத்தனை நாளும் நகர்ந்து நகர்ந்து உராய்ந்திருக்கிறது.

இதை எதிர்கொள்ள டொலிடோவை விடப் பொருத்தமான ஊர் இல்லை. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப் இங்கேதான் செய்யப்பட்டது. 1947இல் அதே ஆலை நாலு சக்கர இழுவை பிக்கப்பையும் வெளியே விட்டது. பழைய பிக்கப் வைத்திருக்கிறவர்கள் எண்ணைச் சொல்லியே பேசுகிற டானா அச்சுகளின் கம்பெனிக்கும் இந்த வட்டாரம்தான் பல பத்தாண்டுகளாகத் தலைமையிடம். அதன் வேர் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்பவரிடம் இருக்கிறது. 1904இல் நியூஜெர்சியில் யுனிவர்சல் ஜாயின்ட் செய்து விற்கத் தொடங்கிய மனிதர். நம் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று கேட்டு வாங்கும் அதே சமாச்சாரம்தான். பின்னால் தொழிலை நடத்த வந்த சார்லஸ் டானாவின் பெயரை 1946இல் கம்பெனிக்கே வைத்தார்கள்.

நான் தேடிப் படித்ததில் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் யாரும் உயரத்துக்கு ஆசைப்படவில்லை. அன்றைய சாதாரண பிக்கப்பின் முன்னால் இருந்தது வெறும் இரும்புத் தண்டு. சக்கரத்தைத் தாங்கினால் போதும். அதை எடுத்துவிட்டு, கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் அடங்கிய நடு உருண்டையோடு, உள்ளே ஆக்சில் சுழலும் அச்சை வைத்தால், அந்த உருண்டை மேலும் கீழும் போய்வர இன்ஜினுக்கு அடியில் இடம் வேண்டும். அதனால் வண்டி தானாக உயர்ந்தது. உயரம் அச்சோடு கூட வந்த செலவு, அவ்வளவுதான்.

1931இல் இண்டியானாபோலிஸில் தொடங்கிய மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி, ஃபோர்டு லாரிகளை வாங்கி இந்த வேலையைச் செய்து விற்றது. போர் முடிந்ததும் டாட்ஜ், ராணுவத்துக்குச் செய்த வண்டியையே கொஞ்சம் மாற்றி 1946இல் பவர் வேகன் என்று விற்றது. எனக்கு மிகவும் பிடித்தது மினியாபோலிஸ்காரர்களின் நாப்கோ. செவர்லே பிக்கப்பை நாலு சக்கர இழுவையாக்கும் சாமான்களை ஒரே தொகுப்பாக விற்றார்கள். 1957இல் செவர்லேயே அதைத் தன் ஆலையில் பொருத்தித் தர ஆரம்பித்தது. வாங்கியவர்கள் பனி தள்ளுபவர்கள், மரம் வெட்டுபவர்கள், மின்கம்பி இழுப்பவர்கள். வண்டி எவ்வளவு உயரமாகத் தெரிகிறது என்று அவர்களில் யாரும் தெருவில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

ஃபோர்டு 1959இல்தான் தன் சொந்த ஆலையில் நாலு சக்கர இழுவை பிக்கப் செய்தது. அந்த வரிசையில் 1967 முதல் 1977 நடுவரை வந்த எஃப்-250க்கு 'ஹைபாய்' என்று பட்டப்பெயர். என் வண்டி அந்த ரகம். இதில் கியர்பாக்ஸ் ஓரிடம், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் தனியாக வேறிடம், நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட். சட்டமும் அதற்கேற்ப உயரம். 1977 நடுவில் இரண்டையும் ஒட்டிவைத்துச் சட்டத்தைத் தாழ்த்திவிட்டார்கள். ஆக என் வண்டி ஆலையை விட்டு வெளியே வரும்போதே உயரம். அதன் மேல்தான் இன்னொரு நாலு அங்குலக் கட்டை!

பிடிவாதமாக உயர்த்துகிற மோகம் எழுபதுகளில் வந்தது. செயின்ட் லூயிஸ் பக்கம் பாப் சாண்ட்லர் என்பவர் நாலு சக்கர இழுவை வண்டிகளுக்குக் கடை வைத்திருந்தார். அவருடைய வண்டி 1974ஆம் வருடத்து எஃப்-250, என்னுடையதற்கு அண்ணன். பெரிய டயர் போட்டார், அச்சு உடைந்தது. கனமான அச்சு போட்டார், அது இன்னும் பெரிய டயரைத் தாங்கும் போலிருந்தது. அதையும் போட்டார், மறுபடி உடைந்தது. கடைசியில் ராணுவ லாரி அச்சுகளில் போய் நின்றார். அவர் மிதிக்கிற மிதிக்குத்தான் எல்லாம் உடைகிறது என்று கடை ஆட்கள் கிண்டல் செய்ய, வண்டிக்கு 'பிக்ஃபுட்' என்று பெயர் விழுந்தது. 1981இல் பழைய கார்கள் மேல் ஏற்றி நசுக்கிக் காட்டினார். பிறகு, உரம் போடும் வண்டிகளுக்கான 66 அங்குல டயரையும் மாட்டினார். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த பையன்களில் ஒருவர்தான் எனக்கு வண்டி விற்றவராக இருக்க வேண்டும். ஆனால் சாண்ட்லர் ஒவ்வொரு முறையும் அச்சை மாற்றினார் என்பதை அந்தப் பையன்கள் கவனிக்கவில்லை.

எண்பதுகளில் ஆலைகள் வழி மாற்றின. டொயோட்டா 1986 மாடலிலும், செவர்லே 1988 மாடலிலும் முன்பக்கத்து ஒற்றை அச்சைக் கைவிட்டு, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்புக்குப் போயின. ரோட்டில் ஓட்டச் சுகம், உயர்த்தத் தலைவலி. அதனால்தான் அதற்கு முந்தைய வண்டிகளுக்கு இன்றைக்கு இந்த மவுசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் வந்து, "பின் சக்கரத்தக் காட்டு" என்றார். காட்டினேன். ரிம்மின் நடுவிலிருந்து ஹப் வெளியே துருத்திக்கொண்டு, முகத்தில் எட்டு போல்ட்டோடு இருந்தது. சிரித்துவிட்டார்.

"அட, இது லாரி ஆக்சிலுடா! போல்ட்டக் கழட்டி உருவு பாக்கலாம்."

ஜாக்கி போடாமல், சக்கரம் தரையில் நிற்க, கழற்றி உருவினேன். நீளத் தண்டு எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்தது, வண்டி அசையவில்லை. டானா 60 என்பது இதுதான். வண்டியின் பாரம் முழுக்க ஹவுசிங் குழாய் மேல். ஆக்சிலுக்குச் சுற்றுகிற வேலை மட்டும். சின்ன பிக்கப்புகளில் ஆக்சிலே பாரத்தையும் தாங்கும், அது ஒடிந்தால் சக்கரம் தனியாகக் கிளம்பிவிடும். அறுபதின் கிரவுன் 9.75 அங்குலம், என் முன்பக்கத்து டானா 44இன் கிரவுன் 8.5 அங்குலம். நான் போடத் துடித்த 35 அங்குல டயரை அறுபது பொறுத்துக்கொள்ளும். நாற்பத்திநாலு பல்லைக் கடித்துக்கொண்டுதான் தாங்கும்.

டயரில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. என் வண்டியின் கிரவுன் விகிதம் 4.10. பழைய 31 அங்குல டயருக்குப் பதில் 35 போட்டால், இன்ஜினுக்கு அது ஏறக்குறைய 3.63 போலத் தெரியும். மேட்டில் திணறும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 56இல் போகும். பழைய இழுவை வேண்டுமென்றால் கிரவுன் பினியனை 4.56க்கு மாற்ற வேண்டும், அதுவும் முன்னும் பின்னும் ஒருசேர. அந்தச் செலவைப் பேப்பரில் எழுதிப் பார்த்தபோது 35 என்கிற ஆசை தானாக 33க்கு இறங்கியது.

முன்கட்டைகளைக் கழற்றி வீசினேன். இரண்டரை அங்குலம் கூடுதல் வளைவு கொண்ட புதுப் பட்டைகள், புது யூ போல்ட், நீளமான பிரேக் ஹோஸ். பின்பக்கம் ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸின் கோணம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஆப்பு வைத்தேன். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு கிராஸ் வாங்க வேண்டியதுதான். அதே பாலத்தின் மேல் 45இல் போனேன், பிறகு 55இல் போனேன். ஸ்டியரிங் சும்மா இருந்தது.

அன்று ராத்திரி அப்பா இரண்டே கேள்வி கேட்டார். பழைய பட்டை என்ன கனம்? தூக்கிப் போட்டுவிட்டாயா?

"இல்லீங்ப்பா, கராஜுலதான் கெடக்குது."

"போட்றாத. நல்ல இரும்பு. ஊருக்கு வர்றப்ப ரெண்டு கொண்டா, அருவா அடிச்சுக்கலாம்."

பெட்டியில் வைத்தால் விமானக் கம்பெனிக்காரன் என்ன நினைப்பான் என்று கேட்டேன். எடை எவ்வளவு வரும் என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.