ஓய்வூதியச் சேர்க்கை (பேஸ்பால்)

அமெரிக்க பேஸ்பாலில், ஓய்வூதியத்துக்கு வேண்டிய பணிக்காலம் நிறைவதற்காக மூத்த வீரரை அணிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம். மேஜர் லீக் வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் 1947இல் வந்தது. முதலில் ஐந்தாண்டுப் பணி கட்டாயம். 1969இல் அது நான்காகவும், 1980இல் 43 நாள்களாகவும் குறைந்தது.

இதில் மறக்கக்கூடாத பெயர் சாட்செல் பேஜ். 1906இல் அலபாமாவின் மொபீலில் பிறந்த இப்பந்துவீச்சாளர், நிறத்தடையால் இளமை முழுவதையும் கறுப்பர் லீகுகளில் கழித்தார். 1948இல் கிளீவ்லண்ட் அணி அழைத்தபோது வயது 42. 1965இல், 59 வயதில், கான்சஸ் சிட்டி அணிக்காக பாஸ்டனுக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் வீசினார். எதிரணிக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஹிட். காட்சிக்காக அவரை ஆடுநாற்காலியில் உட்கார்த்தி, பக்கத்தில் ஒரு செவிலியரையும் நிறுத்தியிருந்தார்கள். அவருடைய பந்தோ வயதைக் காட்டவில்லை.

ஐந்தாண்டு நிறைய அவருக்கு 158 நாள்கள் குறைந்தன. 1968இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து, ஆலோசகராக வைத்துக்கொண்டது. மனிதாபிமானமான செயல்தான். ஆனாலும் அந்தக் குறைநாள்கள் அவருடைய குறையல்ல. இருபதாண்டுக்கும் மேலான ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காத விதியின் குறை. கறுப்பர் லீக் மூத்த வீரர்கள் பலருக்கு மேஜர் லீக் ஆண்டுத்தொகை தர முன்வந்தது 1997இல்தான். பேஜ் 1982இலேயே காலமாகிவிட்டார்.