மண்டபம்: ஒரு தீவு வாயிலின் சொல் வரலாறு

1. முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் கால்வாயின் மேலைக் கரையில் அமைந்துள்ள சிற்றூர் மண்டபம். நிலவழியாக இராமேசுவரம் தீவுக்குச் செல்வோர் இவ்வூரைக் கடந்தே செல்லுதல் வேண்டும். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. 1988இல் சாலைப்பாலமும், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய இரயில் பாலமும் பயன்பாட்டிற்கு வந்தன. இவை பொறியியல் வரலாற்றின் பகுதிகள். இவ்வூருக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது சொற்களில் பதிந்துள்ளது. இவ்வாயில் வழியே சென்றவர்களும் வந்தவர்களும் எப்பெயர்களால் குறிக்கப்பட்டனர், அப்பெயர்கள் அவர்களை என்ன செய்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஊர்ப்பெயர்

மண்டபம் என்பது வடமொழி வழிவந்த பொதுப்பெயர். தூண்கள் தாங்கிய தங்கிடத்தைக் குறிப்பது. கன்னடத்தில் இச்சொல் மெல்லின மெய்யை அடுத்தும் ஒலிப்பிலா டகரத்துடன் வழங்குகிறது. தமிழ் ஒலிப்பில் அவ்விடம் ஒலிப்புடையதாகிறது. ஊரை ஒட்டிய இரயில் நிலையத்தின் பெயர் ‘மண்டபம் கேம்ப்’. வழிப்போக்கர் விரும்பித் தங்கும் இடத்தைச் சுட்டும் சொல்லும், அதிகாரம் மக்களைத் தங்கவைக்கும் இடத்தைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லும் இதில் அருகருகே நிற்கின்றன. ‘கேம்ப்’ என்பதற்கு ஈடாக எழுத்துவழக்கில் வரும் ‘முகாம்’ அரபு மூலத்தது. ஆகவே அப்பெயர் தமிழில் எவ்வாறு எழுதப்படினும் அதன் இரு உறுப்புகளும் கடன்சொற்களே.

3. செல்வோர்

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை நோய்த்தடைக்காகத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் மண்டபத்தில் இயங்கியது. இந்திய மண்ணில் இருந்த அதனை நடத்தியது இலங்கை அரசு. முகாமிலிருந்து தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின்னர் மலையகத்திற்கு மீண்டும் இரயில் என்பது பயண முறை.

இப்போக்குவரத்து இலங்கை ஆங்கிலத்திற்குச் சில தமிழ்ச் சொற்களை அளித்தது. ‘கண்காணி’ என்பது இனமாற்றத்தால் ‘கங்காணி’ ஆகி, ஆள்சேர்ப்பவரைக் குறிக்கும் சட்டச்சொல்லாயிற்று. ‘துண்டு’ தமிழில் ஒரு பொருளின் சிறுபகுதி. தோட்ட நிருவாகத்திலோ அது தொழிலாளியின் கடனைக் குறித்துத் தரப்பட்ட சீட்டு. அக்கடனைத் தீர்ப்பவரிடம் அவரை அனுப்பலாம் என்பது அதன் உள்ளடக்கம். இம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ‘துண்டு’ என்பதை ‘சீட்டு’ என்று மட்டும் பெயர்ப்பவர் கடனால் ஒரு மனிதர் கைமாற்றப்பட்ட செய்தியை இழந்துவிடுகிறார்.

‘கூலி’ இன்னும் தெளிவான சான்று. தமிழிலும் கன்னடத்திலும் அது உழைப்புக்குரிய ஊதியம். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ஊதியப் பொருள் இல்லை. ஆளே அதன் பொருள். 1886இல் வெளிவந்த ஆப்சன்-ஜாப்சன் அகராதி, இதன் மூலத்தைக் குசராத்தின் கோலி இனப்பெயரோடும் தமிழ்க் ‘கூலி’யோடும் சேர்த்து ஆராய்கிறது. மூலம் எதுவாயினும், தமிழர் காதில் அச்சொல் ஊதியத்தின் பெயரால் மனிதரை அழைப்பதாகவே ஒலித்தது. இலக்கணிகள் இதனை ஆகுபெயர் என்பர்.

4. கள்ளத்தோணி

திறமையற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை 1939இல் இந்திய அரசு தடைசெய்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. இச்சூழலில் ‘கள்ளத்தோணி’ என்ற தமிழ்த் தொடர் சிங்களத்திலும் இடம்பெற்று வசைச்சொல்லாகப் பரவியது. தோணி என்பது மலையாளத்திலும் வழங்குவது. கன்னடத்தில் அதன் முதலெழுத்து ஒலிப்புடையது. உரிமமின்றி வரும் படகைச் சுட்டிய தொடர், அதில் வந்தவரையும், பின்னர் எவ்வாறு வந்தவராயினும் இந்திய வம்சாவளியினர் அனைவரையும் சுட்டலாயிற்று. மருத்துவச் சோதனையும் பதிவும் முடித்து, அரசின் முகாம் வழியே இரயிலிலும் கப்பலிலும் சென்றோரின் பெயரரும் இப்பெயர் பெற்றனர். மண்டபத்தின் வரலாறே இச்சொல்லுக்கு மறுப்பு எனலாம்.

5. வருவோர்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 உடன்பாட்டில் சமமாகப் பகுக்கப்பட்டனர். அதே 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேசுவரத்திற்கு வந்தது; மண்டபம் வருவோரின் முகாமாயிற்று.

இவர்களுக்கு அமைந்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. ‘திரும்புதல்’ என்னும் வினை, முன்பு புறப்பட்ட இடத்தை வேண்டி நிற்பது. மலையகத்திலேயே பிறந்து இந்தியாவைக் கண்டிராதவர்க்கு அவ்வினை பொருந்தாது. பெயர்ப்பு ஆங்கிலத்திற்கு உண்மையாக இருந்தது. பெயர்க்கப்பட்டோரின் வாழ்வுக்கு உண்மையாக இல்லை.

1983க்குப் பின் போருக்கு அஞ்சி வந்தோர் ‘அகதிகள்’ எனப்பட்டனர். ஆங்கிலச் சொல்லினுள் புகலிடம் உள்ளது. ‘அகதி’யினுள் கதியின்மை மட்டுமே உள்ளது. முன்னது ஒருவர் தேடிச் சேரும் இடத்தையும் பின்னது அவர் இழந்த நிலையையும் முன்னிறுத்துகின்றன. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இணையாமையால் இரண்டுக்குமே இங்குத் தனிச்சட்ட வரையறை இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயரிட்டது. இழிவுணர்வு நீங்க இது துணைசெய்யும். எனினும் குடியுரிமை ஒன்றிய அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டதாகலின், பெயர் மாறியதனால் உள்ளிருப்போரின் சட்டநிலை மாறவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடியால் வந்தோரும் மண்டபத்திலேயே தங்கவைக்கப்பட்டனர்.

6. முடிவுரை

கூலி, துண்டு, கள்ளத்தோணி ஆகியவற்றில் ஊதியமும் தாளும் படகும் மனிதரின் இடத்தில் நின்றன. தாயகம் திரும்பியோர், அகதி ஆகியவற்றில் ஆட்பெயரே அமைந்தது. ஆனால் அவர்தம் வரலாறு ஒரு வினையாகவோ ஓர் இன்மையாகவோ சுருங்கியது. ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இவற்றிற்கு ஒரே நிகரனை எங்கும் ஆளுதல் பொருந்தாது. ஆண்டு, சட்டம், பேசுபவர் ஆகிய மூன்றையும் நோக்கியே சொல் தெரிதல் வேண்டும். ஓர் அலுவலர் எழுதும் பெயர்ச்சொல்லே ஒரு குடும்பம் எக்கரையில் வாழலாம் என்பதை முடிவுசெய்த இடம் மண்டபம். அங்குச் சொற்றெரிவு நடையழகு பற்றியதன்று.