காலமும் கடனும்: ஒரு திருத்தம்

போன மாதம் இங்கே அகமதாபாத்தில், வங்கியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கடன் வசூல் பற்றி வகுப்பெடுக்க வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. தூக்கத்தைக் கலைக்க ஒரு துணுக்கை எடுத்து விட்டேன். "பழைய துருக்கியில் காலத்துக்கு 'ஒத்' என்று பெயர். இன்றைய துருக்கியில் பணம் செலுத்துவது 'ஒதெமெக்'. ஆக, காலமும் தவணையும் ஒரே வேர்!" நல்ல கைதட்டல்.

வீட்டுக்கு வந்து சரிபார்த்தால், தப்பு. பி.காம் படித்தவன் சொல்லாராய்ச்சியில் இறங்கினால் இப்படித்தான். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. உதட்டை 'ஒ'வுக்குக் குவித்துக்கொண்டு 'எ' என்று சொல்ல வேண்டும். கடைசியில் 'பந்து'வில் வரும் மெல்லிய 'து'வின் ஓசை. செலுத்துவதற்கான வினையோ பழைய மொழியில் 'ஒத்தெ', அதாவது 'பத்து'வில் வரும் வல்லோசை. பிற்காலத் துருக்கியில்தான் அது மெலிந்து 'ஒதெ' ஆனது. இரண்டும் வேறு வேறு சொற்கள். இரண்டு ஓசைக்கும் ஒரே எழுத்தை வைத்திருக்கும் நாம் ஏமாறுவது சுலபம்.

சரி, காலத்துக்கு வருவோம். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732-இல் நட்ட ஒரு கல் இருக்கிறது. பில்கே ககன் என்ற அரசர், முந்தைய ஆண்டு இறந்துபோன தம்பி குல் தெகினுக்காக எழுப்பியது. போர், வெற்றி, குடிகளுக்குக் கண்டிப்பு என்று போகிற வாசகம், தம்பியின் சாவு வந்ததும் உடைந்துவிடுகிறது. கண் இருண்டது, அறிவு மங்கியது என்று புலம்பும் அண்ணன், காலத்தை விதிப்பது வானம், மனிதப் பிறவி சாவதற்கே என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். அந்த இடத்தில் வரும் சொல்தான் 'ஒத்'. டென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன் 1893-இல் இந்த எழுத்தைப் படித்துக் காட்டும்வரை, அந்தத் துக்கம் யாருக்கும் புரியாமல் கல்லிலேயே கிடந்தது.

அடுத்த சாட்சி, 1070-களில் பாக்தாதில் மஹ்மூத் காஷ்கரி எழுதிய துருக்கிய மொழி அகராதி. அதில் ஒரு வீரனுக்கான இரங்கற்பாடல் வருகிறது. அங்கே காலம் 'ஒத்லெக்'. வீரனைக் கவிழ்க்கச் சமயம் பார்த்துக் காத்திருக்கும் எதிரி. இந்த அகராதிக்கு இன்று மிஞ்சியிருப்பது 1266-இல் எடுத்த ஒரே பிரதி. 1910-களில் இஸ்தான்புல் புத்தகக் கடையில் அலி எமிரி என்பவர் கண்ணில் பட்டது. விலை 30 லிரா, தரகு 3 லிரா என்பார்கள். தரகு 10 சதவீதம் என்று உடனே கணக்குப் போட்டேன், தொழில் புத்தி!

இவ்வளவு கனமான சொல் அப்புறம் செத்தே போய்விட்டது. இஸ்லாத்தோடு வந்த அரபுச் சொற்களான 'வகித்', 'ஜமான்' இரண்டும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இங்கே தெருவில் கேட்கும் 'வக்த்', 'ஜமானா' இரண்டுக்கும் இவை உறவு. நண்பகலுக்கான துருக்கிச் சொல் மட்டும் 'ஒத்' வழியில் வந்தது என்கிறார்கள். இன்று துருக்கியில் போய் 'ஒத்' என்றால் பித்தம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். அது வேறு சொல். பயந்து நடுங்கியவர் அங்கே 'என் பித்தப்பை அறுந்துவிட்டது' என்பார்.

1932-இல் துருக்கி மொழிக் கழகம் அமைத்து அரபு, பாரசீகச் சொற்களைக் களையெடுத்தார்கள். அப்போது 'சமகாலம்' என்பதற்குப் புதுச்சொல் செய்ய அவர்கள் எடுத்தது 'சாஹ்' என்ற இன்னொரு பழைய சொல். மங்கோலிய மொழியில் காலத்துக்கும் கடிகாரத்துக்கும் வழங்கும் 'ட்ஸக்' அதன் உறவுதான். களையெடுப்பையும் மீறி 'ஜமான்' அசையவில்லை.

தேடியதில் என் வகுப்புக்கு உதவும் சொல் ஒன்றும் கிடைத்தது. துருக்கி வங்கிகளில் வைப்பின் முதிர்வுக் காலத்துக்கு 'வாதே' என்று பெயர். அரபியில் வாக்குறுதி என்று பொருள்படும் சொல். அதே சொல் இங்கே குஜராத்தில் 'வாய்தா' பஜாராக, முன்பேர வணிகமாக நடக்கிறது. நம் ஊர் கோர்ட்டில் வக்கீல் வாங்குகிற வாய்தாவும் அதேதான். காலமும் கடனும் உண்மையிலேயே ஒட்டிக்கொண்டது இந்தச் சொல்லில்தான்.

அடுத்த வகுப்பில் 'ஒதெமெக்' கிடையாது. வாய்தாதான்.