கரைந்த எலும்பு திரும்பி வருமா?

முரசில் இரத்தம் கசிந்தால் உப்புத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் வைத்தியரைத் தேடுகிறோம். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கும். அதை மீண்டும் வளர்க்க முடியுமா? இந்தக் கேள்வியின் வரலாற்றில் எமது மலையகத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஹரால்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரும் அவரது சகாக்களும் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து, அதன் முடிவை 1965இல் வெளியிட்டார்கள். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் முரசு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுகமானது. அப்படியானால், வருடக்கணக்கில் துலக்காமல் விட்டால் என்ன ஆகும்?

அதற்கான விடையைத் தேடித்தான் லோ குழுவினர் 1970இல் எமது நாட்டுக்கு வந்தார்கள். இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்து, 15 வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் இல்லை, வழமையான பல் சிகிச்சையும் இல்லை. 1986இல் முடிவு வெளியானது. 11 வீதமானோருக்கு நோய் முரசு வீக்கத்தைத் தாண்டவில்லை. 81 வீதமானோருக்கு மெதுவாக முற்றியது. 8 வீதமானோருக்கு மிக வேகமாகப் பரவி, 45 வயதளவில் எல்லாப் பற்களையும் பறித்துவிட்டது. இந்த எண்களை உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இழந்ததைத் திருப்பி எடுக்கும் முயற்சி வேறு திசையில் நடந்தது. முரசைத் திறந்து வேரைச் சுத்தம் செய்தாலும் எலும்பு ஏன் வளர்வதில்லை? 1976இல் மெல்ச்சர் ஒரு விளக்கம் தந்தார். வேரின் மேற்பரப்பை முதலில் பிடிக்கும் கலம் எதுவோ, அதுவே அங்கு உருவாகும் இழையத்தைத் தீர்மானிக்கும். முரசின் மேற்தோல் கலங்கள் வேகமாக ஓடிவந்து இடத்தைப் பிடித்துவிடும். பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களின் கலங்கள் பிந்திவிடும்.

1982இல் சுவீடனில் நீமன், லிண்டே, கேரிங் ஆகியோர் முரசுக்கும் வேருக்கும் இடையில் ஒரு மென்சவ்வை வைத்துத் தோல் கலங்களைத் தடுத்தார்கள். மெதுவான கலங்களுக்கு நேரம் கிடைத்தது. ஒரு மனிதரின் நோயுற்ற பல்லில் புதிய நார்ப்பிணைப்பு உருவானது.

பின்னர் பன்றியின் வளரும் பற்களிலிருந்து எடுத்த எனாமல் புரதமும் பயன்பாட்டுக்கு வந்தது. சில சவ்வுகளும் விலங்குகளிலிருந்தே பெறப்படுகின்றன. எனவே சிகிச்சைக்கு முன் எந்தப் பொருள் என்று வைத்தியரிடம் கேட்டறிவது எமது உரிமை. 2004இல் பல்லின் நார்களில் மூலக்கலங்கள், அதாவது ஸ்டெம் செல்கள், இருப்பது கண்டறியப்பட்டது. ஜப்பானில் நோயாளியின் சொந்தக் கலங்களை மெல்லிய தாளாக வளர்த்து 10 பேருக்கு வைத்துப் பார்த்த முடிவுகள் 2018இல் வெளியாயின.

இருந்தும் இவை எலும்பில் ஆழமான, ஒடுங்கிய குழி உள்ள இடத்திலேயே நன்றாகப் பலன் தருகின்றன. சுற்றிவரக் கரைந்த எலும்பை முழுமையாக மீட்பது இன்னும் கைகூடவில்லை.

2010இல் அந்தத் தோட்டத் தொழிலாளர்களில் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டார்கள். சராசரியாக ஒருவர் 13 பற்களை இழந்திருந்தார்.

சவ்வும் கலத்தாளும் லயன் அறைகளுக்கு எப்போது வரும்? அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆரம்ப வீக்கம் துலக்கினால் மாறும், கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. அந்த மனிதர்களின் வாய்களிலிருந்து உலகம் படித்த பாடத்தை அவர்களின் பேரப்பிள்ளைகளுக்காவது நாம் வகுப்பறையில் திருப்பிக் கொடுப்போம்.